24.77 மில்லிவாட்டுக்குப் பிறகு: சிலிக்கன் ஒளிச்சுற்றில் சூடேற்றிகள், ஒரு நிகழ்வு ஆய்வு

2017இல் எம்ஐடியின் யிச்சென் ஷென், நிக்கோலஸ் ஹாரிஸ் முதலானோர் ‘நேச்சர் போட்டோனிக்ஸ்’ இதழில் வெளியிட்ட ஒளிச்சிப்பில் 56 மாக்-ஸெண்டர் குறுக்கீட்டுமானிகள் (ஒளியை இரு கைகளாகப் பிரித்து மீண்டும் சேர்க்கும் உறுப்புகள்) இருந்தன. மனிதர்கள் உச்சரித்த நான்கு உயிரொலிகளைப் பிரித்தறியும் நரம்பு வலை ஒன்றின் அணிப்பெருக்கலை அந்தச் சிப் ஒளியாலேயே செய்தது. சோதனைக்கு வைத்த 180 மாதிரிகளில் 138ஐச் சரியாகச் சொன்னது, அதாவது 76.7 சதவீதம். அதே வலையை 64 பிட் கணினியில் ஓட்டியபோது 165 சரி, 91.7 சதவீதம். அணிப்பெருக்கலுக்கு அடுத்து வரும் நேர்கோட்டில் அடங்காத பகுதியைச் சிப் செய்யவில்லை, கணினியிடமே விட்டிருந்தார்கள். ஆகவே நடுவில் காணாமற்போன 27 மாதிரிகளை ஒளிச்சுற்றின் கணக்கில்தான் எழுத வேண்டும்.

காரணங்களை ஆய்வாளர்களே வரிசைப்படுத்தியிருக்கிறார்கள்: கட்டமாற்றிகளுக்கிடையே (ஒளியலையின் கட்டத்தைச் சூட்டால் நகர்த்தும் சூடேற்றிகள் இவை) வெப்பக் கிராஸ்டாக் (ஒன்றின் வெப்பம் மற்றொன்றுக்குக் கசிவது), சிப்புக்குள் ஒளி நுழையும் இணைப்பின் நகர்வு, கட்டத்தை அமைக்கும் துல்லியத்தின் வரம்பு (16 பிட்), ஒளியுணரியின் இரைச்சல், அதன் 30 டெசிபெல் வீச்செல்லை (அது அளக்கக்கூடிய மிகப் பெரிய ஒளிக்கும் மிகச் சிறிய ஒளிக்கும் உள்ள விகிதம்). ஐந்தில் முதலில் நிற்பது பக்கத்துச் சூடேற்றியின் வெப்பம். 16 பிட் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டிருந்தாலும், கணக்குப் போட்டுப் பார்த்தால் அதற்கும் முதற்காரணத்துக்கும் நூறு மடங்குக்கு மேல் தூரம். அந்தக் கணக்குக்கு வர, ஒற்றைச் சூடேற்றியிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு சூடேற்றி என்ன செய்கிறது

சிலிக்கனின் ஒளிவிலகல் எண் 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒவ்வொரு கெல்வினுக்கும் சுமார் 0.000186 உயர்கிறது. சிறிய எண்தான், ஆனாலும் சுற்றியுள்ள சிலிக்கன் டை ஆக்சைடுக்கு இருப்பதைவிட ஏறக்குறைய இருபது மடங்கு. மின்புலத்தால் நேரடியாக ஒளிவிலகலை மாற்றலாம் என்றால், லித்தியம் நையோபேட்டில் இருக்கும் அந்தப் பண்பு சிலிக்கனின் சமச்சீர்ப் படிகத்தில் இல்லை. மின்சுமைகளைச் செலுத்தி மாற்றலாம் என்றால், அவை ஒளியை விழுங்கும். ஒளியை இழக்காமல் கட்டத்தை மாற்ற மலிவான வழி சூடுதான்.

அரைச் சுற்றுக் கட்டமாற்றம் (180 பாகை) பெற எவ்வளவு சூடு? அலைநீளத்தை, மேலே சொன்ன கெழுவின் இரு மடங்கால் வகுத்தால் 4,170 மைக்ரோமீட்டர்-கெல்வின் கிடைக்கும். நீளத்தையும் வெப்பநிலை உயர்வையும் பெருக்கி இந்த எண்ணை எட்டினால் போதும். 100 மைக்ரோமீட்டர் நீள அலைவழிக்கு (ஒளி ஓடும் மெல்லிய சிலிக்கன் பாதை) சுமார் 42 கெல்வின். 320 மைக்ரோமீட்டருக்கு 13 கெல்வின்.

புதிதாக வடிவமைப்பவர்கள் சறுக்கும் முதல் இடம் இது. நீளத்தை இரட்டிப்பாக்கினால் தேவையான சூடு பாதியாகிறது, எனவே மின்திறனும் பாதியாகும் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆகாது. சூடேற்ற வேண்டிய நீளமும் இரட்டித்துவிட்டதால், வெப்பம் கீழே கசிந்தோடும் பாதையும் இரட்டிக்கிறது. குறுக்குவெட்டு மாறாதவரை அரைச் சுற்றுக்கான திறன் நீளத்தைச் சார்ந்ததே அல்ல. நீளம் கூடினால் உச்ச வெப்பநிலை குறையும், சூடேற்றியின் ஆயுள் கூடும், மின்தடை மாறும், மின்கட்டணம் மாறாது. ஒரே சூடேற்றியின் கீழ் அலைவழியை மடித்து இரண்டு மூன்று முறை ஓடவிட்டால் மட்டுமே திறன் உண்மையில் குறையும், ஏனென்றால் அப்போது ஒரே வெப்பத்தை ஒளி பலமுறை பயன்படுத்திக்கொள்கிறது.

2014இன் கட்டமாற்றி

ஹாரிஸும் சக ஆய்வாளர்களும் 2014இல் ‘ஆப்டிக்ஸ் எக்ஸ்பிரஸ்’ இதழில் வெளியிட்ட சூடேற்றிதான் இந்தப் பாதையின் முதற்படி. வழக்கமான அமைப்பில் டைட்டானியம் நைட்ரைடு போன்ற உலோகப் பட்டை அலைவழிக்கு மேலே, ஆக்சைடு அடுக்குக்கு அப்பால் இருக்கும். மிக அருகில் வைத்தால் உலோகம் ஒளியை உறிஞ்சும். 1 முதல் 2 மைக்ரோமீட்டர் தள்ளி வைத்தால் வெப்பம் ஆக்சைடைத் தாண்டி வரவேண்டும், வழியில் நாலா பக்கமும் பரவும். இவர்கள் பட்டையையே எடுத்துவிட்டு, அலைவழியின் சிலிக்கனிலேயே மாசூட்டி (மின்சாரம் ஓடும்படி வேற்றணுக்களைச் சேர்த்து), ஒளி செல்லும் திசைக்குக் குறுக்காக மின்னோட்டத்தைச் செலுத்தினார்கள். இரு ஓரங்களிலும் உலோகத் தொடுப்புக்கு அருகே அடர்ந்த மாசூட்டல். ஒளி இருக்கும் நடுப்பகுதியை ஒட்டி மெல்லிய மாசூட்டல். மின்தடை நடுவில் குவிவதால் வெப்பமும் அங்கேயே பிறக்கிறது. குறுக்காக ஓடும் பாதை சில மைக்ரோமீட்டர்தான் என்பதால் மொத்த மின்தடை தாழ்ந்து, சிறிய மின்னழுத்தமே போதுமானதாகிறது.

வெளியிடப்பட்ட அளவுகள்: நீளம் 61.6 மைக்ரோமீட்டர். அரைச் சுற்றுக்கு 24.77 மில்லிவாட். 3 டெசிபெல் அலைப்பட்டை (கட்டத்தை எவ்வளவு வேகமாக மாற்றலாம் என்பதன் அளவு) 130 கிலோஹெர்ட்ஸ். 8 அங்குல வேஃபரின் (சிப்புகள் வெட்டியெடுக்கப்படும் சிலிக்கன் தட்டு) பல இடங்களிலிருந்து எடுத்த 21 உறுப்புகளில் ஒளியிழப்பு 0.23 டெசிபெல், ஏற்ற இறக்கம் 0.13.

இழப்பு எண்ணை மாசூட்டலோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 1987இல் சோரெஃப், பென்னெட் இருவரும் தந்த சூத்திரப்படி, கன சென்டிமீட்டருக்கு 10இன் 18ஆம் அடுக்கு அளவு துளைகள் (நேர்மின்சுமை தாங்கிகள்) இருந்தால் ஒரு சென்டிமீட்டரில் சுமார் 26 டெசிபெல் இழப்பு. 61.6 மைக்ரோமீட்டருக்கு அது 0.16 டெசிபெல். அதே எண்ணிக்கையில் எலக்ட்ரான்கள் என்றால் 0.23. எனவே நடுப்பகுதிக்குத் துளை வகை மாசூட்டல் இலாபம். மாசூட்டலைப் பத்து மடங்காக்கினால் இழப்பும் பத்து மடங்காகி 1.6 டெசிபெல் ஆகிவிடும். ஒளி ஒன்றன்பின் ஒன்றாகப் பல கட்டமாற்றிகளைக் கடக்கும் வலையில் இதைத் தாங்க முடியாது. மாசூட்டலுக்கான முகமூடி 200 நானோமீட்டர் நகர்ந்து பதிந்தால், அடர்ந்த ஓரம் ஒளியின் வாலைத் தொட்டுவிடும். வேஃபர் முழுவதும் இழப்பு ஒரே மாதிரி இல்லாமல் சிதறினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

திறனும் நேரமும் தனித்தனி அல்ல

61.6 மைக்ரோமீட்டருக்கு அரைச் சுற்று என்றால் சுமார் 68 கெல்வின் உயர்வு. 24.77 மில்லிவாட்டுக்கு 68 கெல்வின் என்றால் வெப்பத்தடை ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 2,700 கெல்வின். அடியிலுள்ள ஆக்சைடு 2 மைக்ரோமீட்டர் தடிப்பு என்று வைத்தால், வெப்பம் 8.5 மைக்ரோமீட்டர் அகலமுள்ள ஒரு பட்டை வழியாகக் கீழே இறங்குவதற்கு இது சமம். அலைவழியின் அகலமோ பொதுவாக அரை மைக்ரோமீட்டர்.

இப்போது நேரம். 130 கிலோஹெர்ட்ஸ் என்பது ஒற்றைக் காலமாறிலிக் கணக்கில் (சூடேறும் வேகத்தை ஒரே எண்ணால் சொல்வது) 1.22 மைக்ரோ வினாடி. 10இலிருந்து 90 சதவீதத்துக்கு ஏற 2.7 மைக்ரோ வினாடி. திறனைக் காலமாறிலியால் பெருக்கினால் 30 நானோஜூல். இந்தப் பெருக்கற்பலனில்தான் விஷயம் இருக்கிறது. திறன் என்பது வெப்பநிலை உயர்வை வெப்பக் கடத்தலால் பெருக்கியது. காலமாறிலி என்பது வெப்பக் கொள்ளளவை அதே கடத்தலால் வகுத்தது. இரண்டையும் பெருக்கும்போது கடத்தல் அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது வெப்பநிலை உயர்வும், சூடாகும் பொருளின் கொள்ளளவும் மட்டும். சூடேற்றியைச் சுற்றி எவ்வளவுதான் வெப்பக் காப்புச் செய்தாலும் இந்த எண் குறையாது. சூடாகும் பொருளைக் குறைத்தால் மட்டுமே குறையும்.

30 நானோஜூலை 68 கெல்வினால் வகுத்து, ஆக்சைடின் வெப்பக் கொள்ளளவைக் கொண்டு பருமனாக மாற்றினால், குறுக்குவெட்டு சுமார் 4.4 சதுர மைக்ரோமீட்டர் வருகிறது. 500க்கு 220 நானோமீட்டர் அலைவழியின் குறுக்குவெட்டு 0.11. ஆக, ஒளி இருக்கும் பகுதியைப் போல் 40 மடங்கு பொருளைச் சூடேற்றிக்கொண்டிருக்கிறோம். வெப்பத்தை அலைவழிக்குள்ளேயே பிறப்பித்த வடிவமைப்புக்கே இந்த நிலை. மேலே உலோகப் பட்டை வைத்தால் இன்னும் மோசம்.

காப்புச் செய்வது எவ்வளவு தரும், எவ்வளவு பறிக்கும் என்பதற்கு 2010இல் வெளியான, கோட்டுரா, ஆரக்கிள் நிறுவனங்களின் ஆய்வு நல்ல ஒப்பீடு. அங்கே அலைவழியின் அடியிலுள்ள பொருளை அரித்தெடுத்து அந்தரத்தில் நிற்கும் வளைய ஒத்ததிர்வியை (குறிப்பிட்ட அலைநீளங்களில் மட்டும் ஒளி சுற்றிச் சேரும் வளைய அலைவழி) செய்தார்கள். முழுச் சுற்றுக்கே 2.4 மில்லிவாட் போதும். அரைச் சுற்றுக்கு 1.2. ஹாரிஸின் உறுப்போடு பார்த்தால் இருபது மடங்கு சிக்கனம். ஆனால் 10-90 நேரம் சுமார் 170 மைக்ரோ வினாடி, அறுபது மடங்குக்கு மேல் மெதுவு. பெருக்கற்பலன் சுமார் 93 நானோஜூல். இரண்டும் வேறு வேறு உறுப்புகள் என்பதால் கடைசி இலக்கம் வரை ஒப்பிடக் கூடாதுதான். திசை மட்டும் தெளிவு.

அப்படியானால் அடியரிப்பு வீணா? ஒருமுறை அமைத்துவிட்டு மணிக்கணக்கில் அப்படியே வைத்திருக்கும் வலைக்கு 170 மைக்ரோ வினாடி ஒரு பொருட்டே இல்லை. உயிரொலி வலை அந்த வகைதான். இப்படிப்பட்ட சுற்றுக்கு, மற்ற எல்லாம் சமமாக இருந்தால், அடியரித்த சூடேற்றியையே எடுக்கலாம் என்பது எங்கள் கருத்து. மற்ற எல்லாம் சமமாக இருப்பதில்லை என்பதுதான் சங்கடம். அந்தரத்தில் நிற்கும் பாலம் அழுத்தத்தால் வளையும். அரிப்புக்கான துளைகள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அளவுக்கு மேல் மின்னழுத்தம் போனால் வெப்பம் ஓட வழியில்லாமல் உறுப்பு நொடியில் எரியும்; ஆகவே ஓட்டும் சுற்றில் மென்பொருள் வரம்பு போதாது, வன்பொருள் வரம்பும் வேண்டும்.

112 சூடேற்றிகளின் கணக்கு

ஒரு குறுக்கீட்டுமானிக்கு இரண்டு கட்டமாற்றிகள்: உள்ளே ஒன்று, ஒளியைப் பிரிக்கும் விகிதத்தை அமைக்க, வெளியே ஒன்று, அடுத்த குறுக்கீட்டுமானிக்குள் நுழையும் கட்டத்தை அமைக்க. 56க்கு 112. மின்னழுத்தம் பூச்சியமாக இருக்கும்போது கட்டம் எங்கே நிற்கும் என்பது தயாரிப்பின் கையில். அலைவழியின் அகலத்திலோ தடிப்பிலோ ஒரு நானோமீட்டர் வித்தியாசம் இருந்தால் போதும், தொடக்கக் கட்டம் எங்கோ போய்விடும். எனவே ஒவ்வொரு சூடேற்றியும் பூச்சியத்துக்கும் முழுச் சுற்றுக்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் நிற்க நேரும். சராசரி அரைச் சுற்று. 24.77 மில்லிவாட்டை 112ஆல் பெருக்கினால் 2.8 வாட். இது தாளில் போட்ட கணக்குத்தான். எல்லாச் சூடேற்றிகளும் பயன்பாட்டில் இல்லாதபோது குறையும்.

2.8 வாட் என்பது கையடக்கக் கருவிக்குக்கூடப் பெரிய எண் அல்ல. ஆனால் அணி மாறும்போதெல்லாம் இது 1 வாட்டுக்கும் 4 வாட்டுக்கும் இடையே தாவினால் தொல்லை. சிப்பின் அடியில் பெல்டியர் குளிர்விப்பான், பக்கத்தில் தெர்மிஸ்டர் (வெப்பநிலை உணரி) என்பது வழக்கமான அமைப்பு. சிப்பின் மேற்பரப்புக்கும் தெர்மிஸ்டர் ஒட்டிய இடத்துக்கும் இடையே ஒரு வாட்டுக்கு 2 கெல்வின் வெப்பத்தடை என்று வைத்துக்கொள்வோம். 3 வாட் மாறினால் சிப் 6 கெல்வின் நகரும். தெர்மிஸ்டரோ எல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

சமநீளக் கைகள் கொண்ட குறுக்கீட்டுமானி இந்தப் பொதுச் சூட்டைப் பெரிதும் தாங்கும், இரு கைகளும் சேர்ந்தே சூடாவதால். வளைய ஒத்ததிர்வி தாங்காது. 1550 நானோமீட்டரில் சிலிக்கன் வளையம் கெல்வினுக்குச் சுமார் 0.07 நானோமீட்டர் நகரும். தரக்காரணி (அலைநீளத்தைக் கோட்டகலத்தால் வகுத்த எண்) 10,000 உள்ள வளையத்தின் கோட்டகலம், அதாவது அது ஏற்கும் அலைநீளப் பட்டையின் அகலம், 0.155 நானோமீட்டர். இரண்டு கெல்வினுக்கு மேல் போனால் ஒரு முழுக் கோட்டகலம் தள்ளிப்போயிருக்கும். குறுக்கீட்டுமானி வலையை அட்டவணை போட்டு ஓட்டலாம், வளையங்களைப் பின்னூட்டம் இல்லாமல் ஓட்ட முடியாது என்று சொல்வது இதனால்தான். 2015இல் ‘நேச்சர்’ இதழில் வந்த, ஏழு கோடி டிரான்சிஸ்டர்களும் 850 ஒளியுறுப்புகளும் ஒரே சிப்பில் இருந்த நுண்செயலி, பக்கத்தில் செயலி சூடாகி ஆறும்போதெல்லாம் வளையத்தின் சூடேற்றியைத் தானே திருத்திக்கொள்ளும் சுற்றைக் கொண்டிருந்தது.

16 பிட்டும் ஒரு சதவீதமும்

இப்போது முதலில் சொன்ன கணக்கு. கட்டம் மின்னழுத்தத்தின் இருபடியில் போகிறது. முழு மின்னழுத்தத்தில் முழுச் சுற்று என்று அமைத்தால், கணினி எண்ணை மின்னழுத்தமாக்கும் 16 பிட் மாற்றியின் மிகப் பெரிய படி (மேல் விளிம்பில்) 0.00019 ரேடியன். 12 பிட் என்றால் 0.003. 8 பிட் என்றால் 0.05.

பக்கத்துச் சூடேற்றியின் கட்டத்தில் ஒரு சதவீதம் மட்டும் இங்கே கசிகிறது என்போம். அது முழுச் சுற்று போனால் இங்கே 0.063 ரேடியன் நகரும். 16 பிட் படியைவிட 300 மடங்குக்கு மேல். 12 பிட் படியைவிடவும் இருபது மடங்கு. கசிவைத் திருத்தாத சிப்புக்கு 16 பிட் மாற்றி வாங்குவது பணத்தைக் கரைப்பது. அந்தக் காசுக்குச் சூடேற்றிகளை இன்னும் தள்ளி வைக்கச் சிப்பின் பரப்பை வாங்கலாம்.

0.063 ரேடியன் பிழை உள்ள குறுக்கீட்டுமானியில், மூடிய வாயிலில் ஒளி ஆயிரத்தில் ஒரு பங்கு கசியும்; 30 டெசிபெல். பல சோதனைகளுக்கு இது போதுமே என்று தோன்றும். ஆனால் இது ஒரு பக்கத்துச் சூடேற்றியால் மட்டும் வருவது. வலையின் நடுவில் உள்ளதற்கு எட்டுத் திசையிலும் அண்டை; பிழைகள் ஒரே பக்கம் கூடினால் 0.2 ரேடியனைத் தாண்டும், அப்போது 20 டெசிபெல்தான்.

2017இன் சிப்பில் அமைத்த திசையன்களின் பொருத்தம் (விரும்பியதும் கிடைத்ததும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது) 99.8 சதவீதம் என்று அளந்திருந்தார்கள். அந்த எண்ணோடு 76.7ஐ எப்படிச் சேர்த்துப் பார்ப்பது என்று பலர் குழம்புவதுண்டு. பொருத்தம் இருபடியில் பேசும் அளவை. மிஞ்சிய 0.2 சதவீதத்தை வீச்சுப் பிழையாக மாற்றினால், பொருத்தத்தின் வரையறையைப் பொறுத்து 4 முதல் 6 சதவீதம் வரை போகும். இரண்டு உயிரொலிகள் எல்லைக்கோட்டுக்கு அருகருகே விழும் இடத்தில் அவ்வளவு போதும் தடுமாற. பொருத்தத்தை மட்டும் அச்சிடும் அறிக்கையை நாங்கள் எப்போதும் கொஞ்சம் ஐயத்தோடுதான் வாசிக்கிறோம்.

கசிவில் மூன்று வகை

கிராஸ்டாக் என்று ஒரே பெயரில் சொல்வது மூன்று வேறு நிகழ்வுகள். மருந்தும் வேறு வேறு.

முதலாவது, அருகுக் கசிவு: ஆக்சைடு வழியாகவும், மேடு வடிவ அலைவழியின் மெல்லிய சிலிக்கன் தளம் வழியாகவும் பக்கவாட்டில் பரவுவது. சில பத்து மைக்ரோமீட்டரில் வேகமாகத் தேயும். இதற்கு அகழி வெட்டலாம், சிலிக்கன் தளத்தை இடையில் துண்டிக்கலாம், இடைவெளியைக் கூட்டலாம். குறுக்கீட்டுமானியின் ஒரு கையைச் சூடேற்றும்போது மறு கையும் கொஞ்சம் சூடாவது இந்த வகை. அது பிழை அல்ல, திறன் விரயம் மட்டுமே.

இரண்டாவது, தொலைக் கசிவு: ஆக்சைடைக் கடந்த வெப்பம் அடியிலுள்ள சிலிக்கனில் பரவிச் சிப் முழுவதையும் உயர்த்துவது. சிலிக்கன் ஆக்சைடைவிட நூறு மடங்கு நன்றாக வெப்பம் கடத்தும். அகழி இதைத் தொடாது. மொத்தத் திறனை நிலையாக வைத்திருப்பதே வழி: ஓரத்தில் சில வெற்றுச் சூடேற்றிகளை வைத்து, வலையில் திறன் குறையும்போது அவற்றில் அதே அளவு கூட்டுவது. மின்சாரம் வீண்தான், ஆனாலும் வேலை செய்யும்.

மூன்றாவதில் வெப்பமே இல்லை. எல்லாச் சூடேற்றிகளும் ஒரே நிலக்கம்பியை (மின்னோட்டம் திரும்பும் கம்பி) பங்கிடும்போது, அதன் மின்தடையில் விழும் மின்னழுத்தம். சூடேற்றி 500 ஓம் என்று வைத்தால் அரைச் சுற்றுக்கு 3.5 வோல்ட், 7 மில்லியாம்பியர். முழுச் சுற்றுக்கு 10 மில்லியாம்பியர். 112 சூடேற்றிகளுக்குச் சராசரியாக முக்கால் ஆம்பியர். பொது நிலத்தில் அரை ஓம் இருந்தால் 0.37 வோல்ட் உயரும்; 3.5 வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு போய்விடும், திறனில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரே ஒரு சூடேற்றியைப் பூச்சியத்திலிருந்து முழுச் சுற்றுக்கு ஏற்றினாலே மற்ற ஒவ்வொன்றிலும் 5 மில்லிவோல்ட் குறைந்து, சுமார் 0.009 ரேடியன் நகரும். இதைப் பார்ப்பவர் வெப்பக் கசிவு என்றே எழுதிவைப்பார். அகழி வெட்டிய அடுத்த சிப்பிலும் அது அப்படியே நிற்கும்.

அடையாளம் காண இரண்டு வழி. வெப்பக் கசிவு தூரத்தோடு தேயும்; நிலக் கசிவு ஒரே திரும்புகம்பியைப் பங்கிடும் எல்லாவற்றையும் தொடும், சிப்பின் மறுகோடியில் இருந்தாலும். வெப்பக் கசிவு வரச் சில மைக்ரோ வினாடி முதல் சில வினாடி வரை ஆகும். நிலக் கசிவு சூடேற்றியின் சொந்த வேகத்திலேயே வந்துவிடும். மருந்து: நிலத்துக்குப் பல தொடுப்புத் திட்டுகள், ஒவ்வொன்றுக்கும் பல பிணைப்புக் கம்பிகள், முடிந்தால் மின்னழுத்தத்துக்குப் பதில் மின்னோட்டத்தால் ஓட்டுவது. மின்னோட்ட ஓட்டலில் ஓர் எச்சரிக்கை உண்டு. உலோகச் சூடேற்றியின் மின்தடை சூட்டோடு கூடும். மின்னழுத்தம் நிலையாக இருந்தால் திறன் தானே குறைந்து அடங்கும்; மின்னோட்டம் நிலையாக இருந்தால் திறன் கூடிக்கொண்டே போகும். இரண்டையும் அளந்து திறனையே கட்டுப்படுத்துவது மேல்.

அளவுத்திருத்தம்: செய்யும் வரிசை

ஒளியை நுழைக்குமுன் ஒவ்வொரு சூடேற்றிக்கும் குறைந்த மின்னழுத்தத்தில் மின்னோட்டம் அளந்து பட்டியலிட வேண்டும். அறுந்தது, குறுக்கிணைந்தது, பக்கத்தவற்றிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் விலகியது எல்லாம் இங்கேயே தெரிந்துவிடும். பிறகு வேலைக்காலத்தில் வரப்போகும் உச்சத் திறனைவிடச் சற்று மேலே சில மணி நேரம் ஓட்டி, மின்தடை நிலைத்தபின் மீண்டும் அளக்க வேண்டும். இந்தப் பழக்கலைத் தவிர்த்தால் முதல் வாரத்து அட்டவணை இரண்டாம் வாரம் பொய்யாகும்.

அடுத்து, வலையின் மூலையில் ஒளியை நுழைத்து, ஓரத்தில் உள்ள குறுக்கீட்டுமானியிலிருந்து உள்நோக்கி ஒவ்வொன்றாகப் போக வேண்டும். சூடேற்றியை மின்னழுத்தத்தின் சம படிகளில் அல்ல, அதன் இருபடியின் சம படிகளில் ஏற்ற வேண்டும். ஒரு சுற்றுக்குச் சற்று மேல் வரை, 60 புள்ளிகள் போதும். வெளிவரும் ஒளித்திறனை ஒரு கோசைன் வளைவோடு பொருத்தினால் மூன்று எண்கள் கிடைக்கும்: தொடக்கக் கட்டம், அரைச் சுற்றுத் திறன், ஒளி-இருள் விகிதம். புள்ளிகளைச் சிறிதிலிருந்து பெரிதாக வரிசையாக எடுக்காமல் கலைத்து எடுப்பது நல்லது. வரிசையாக எடுத்தால் சிப் மெதுவாகச் சூடாவது கட்டத்தின் சரிவாக வேடம் போடும். அரைச் சுற்றுத் திறன் தவறாகக் குறைவாக வரும்.

வெளிக் கட்டமாற்றி தனியாக எதையும் காட்டாது, அது திறனை மாற்றுவதில்லை. அதற்கு முன்னும் பின்னும் உள்ள குறுக்கீட்டுமானிகளைப் பாதிக்குப் பாதி பிரிக்கும்படி அமைத்தால் அவை சேர்ந்து ஒரு பெரிய குறுக்கீட்டுமானி ஆகும். அப்போது அதே கோசைன் வளைவு தெரியும். உள்ளே இருப்பதைத் திருத்தாமல் இதற்கு வர முடியாது, வரிசை முக்கியம்.

ஒளி-இருள் விகிதம் எவ்வளவு முயன்றாலும் 28 டெசிபெல்லைத் தாண்டவில்லை என்றால் சூடேற்றியைக் குற்றம் சொல்லக் கூடாது. பிரிப்பான்கள் இரண்டும் 50க்கு 50க்குப் பதில் 52க்கு 48 என்று வந்தாலே அந்த வரம்பு விழுந்துவிடும். இதைச் சூட்டால் சரிசெய்ய முடியாது. 2015இல் டேவிட் மில்லர் காட்டியதுபோல் பிரிப்பானுக்குப் பதிலாகவே ஒரு குறுக்கீட்டுமானியை வைக்க வேண்டும். சூடேற்றிகள் கூடும்.

கடைசியாகக் கசிவு அணி. ஒரு சூடேற்றியைப் பாதித் திறனில் நிறுத்தி, மற்ற ஒவ்வொன்றின் தொடக்கக் கட்டமும் எவ்வளவு நகர்ந்தது என்று அளப்பது. 112க்கு 112 அணியில் 12,544 எண்கள். எல்லாவற்றையும் அளக்கத் தேவையில்லை. அருகில் உள்ளவற்றை அளந்து, தொலைவுக்கு ஒரே பொது எண்ணை வைக்கலாம். விரும்பிய கட்டங்களிலிருந்து தொடக்கக் கட்டங்களைக் கழித்து, கசிவு அணியின் நேர்மாறால் பெருக்கினால் தேவையான திறன்கள் வரும். எதிர்மறைத் திறன் வந்தால் அந்தக் கட்டத்தோடு ஒரு முழுச் சுற்றைக் கூட்டி மறுபடி கணக்கிட வேண்டும். ஒன்றைக் கூட்டினால் அண்டையும் மாறும் என்பதால் இரண்டு மூன்று முறை ஓடும்.

மிலான் பாலிடெக்னிக் குழு 2019இல் வெளியிட்ட முறை இதே அணியை வேறு விதமாகப் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு சூடேற்றியையும் தனித்தனியே ஆட்டாமல், கசிவு அணியின் ஐகன் திசைகளில் (அணி திருப்பாமல், அளவை மட்டும் மாற்றும் திசைகள்) எல்லாவற்றையும் சேர்த்து ஆட்டினால் ஒன்று மற்றொன்றைக் கலைக்காது. பின்னூட்டத்தோடு ஓட்டும் சுற்றுகளுக்கு இது மிகப் பொருத்தம். ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று நகர்ந்து, அதைத் திருத்தினால் முதலாவது நகரும் ஊசலாட்டம் நின்றுவிடும்.

திருத்தம் முடிந்தபின் தற்செயலாகத் தேர்ந்த அணிகள் சிலவற்றை ஏற்றிச் சரிபார்க்க வேண்டும். அளவுத்திருத்தத்துக்குப் பயன்படுத்திய அமைப்புகளையே மறுபடி ஏற்றிப் பார்த்துத் திருப்திப்படுவது சோதனையாகாது. தினசரி ஓட்டத்தில் இவற்றில் ஒரு அணியைக் குறிப்பு அமைப்பாக வைத்துக்கொண்டு, வேலையைத் தொடங்குமுன் அதை ஏற்றி எல்லா வாயில்களின் திறனையும் முதல்நாள் எண்களோடு ஒப்பிடலாம். எல்லா வாயில்களும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால் இழை இணைப்பு நகர்ந்திருக்கிறது. கட்டங்களைத் தொட வேண்டாம். விகிதங்கள் மாறியிருந்தால் தொடக்கக் கட்டங்களை மட்டும் மறுபடி எடுத்தால் போதும், அரைச் சுற்றுத் திறனும் கசிவு அணியும் மாதக்கணக்கில் நிலைக்கும். ஒரே ஒரு சூடேற்றியின் மின்தடை மட்டும் நாளுக்கு நாள் ஒரே திசையில் ஏறிக்கொண்டிருந்தால் அது எரியப்போகிறது. அது இல்லாமலும் ஓடக்கூடிய அணி அமைப்பை முன்கூட்டியே கணக்கிட்டு வைக்க வேண்டும்.